பழைய கணிப்பொறிக்கு ஒரு புதிய அட்டை

அலுவலகங்கள் தம்மிடமுள்ள கணிப்பொறிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகின்றன. அவ்வாறு கழிக்கப்பட்ட கணிப்பொறிகள் மலிவான விலைக்குக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் தட்டச்சு செய்யவும், கணக்குப் போடவும், படம் பார்க்கவும் அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்தால், கார் ஓடுவதில்லை. தத்தித் தத்தி நகர்கிறது. திருப்பத்தில் நாம் விசையை அழுத்தி, திரையில் படம் திரும்புவதற்குள் கார் சுவரில் மோதிவிடுகிறது!

"நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் பொருத்து, எல்லாம் சரியாகிவிடும்" என்பார் ஒரு நண்பர். "பழைய பெட்டியில் பணத்தைக் கொட்டாதே, புதிதாகவே வாங்கிவிடு" என்பார் இன்னொருவர். இருவரில் யார் சொல்வது சரி? இதில் வீட்டாரின் பணம் சில ஆயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது. ஆகவே ஊகத்தால் முடிவு செய்யக்கூடாது. அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய இயற்பியலும் கணக்கும் உங்கள் பள்ளிப் பாடங்களிலேயே இருக்கின்றன.

இருபது லட்சம் புள்ளிகள்

கணிப்பொறித் திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், படம் முழுவதும் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். இன்று பரவலாக உள்ள திரைகளில் கிடைவாட்டில் 1,920 புள்ளிகளும், செங்குத்தாக 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 வருகிறது. அதாவது ஒரே ஒரு படத்தைத் திரையில் காட்ட, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும்.

திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். விளையாட்டில் நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. விசையை அழுத்தி விளைவை எதிர்பார்க்கிறோம். ஆகவே 24 படங்கள் போதமாட்டா. வினாடிக்கு 60 படங்கள் வந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு செல்வதுபோல் இருக்கும். 30 படங்கள் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 15 படங்கள் என்றால் கார் தத்தத் தொடங்கிவிடும்.

வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு வினாடியும் 12,44,16,000 புள்ளிகளுக்கு நிறம் கண்டாக வேண்டும். ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் 1,000-ஐ 60-ஆல் வகுத்தால் வரும் 16.7 மில்லிவினாடிதான். கண் இமைக்கும் நேரம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

நிறம் காண்பது என்றால் சட்டியில் இருக்கும் வண்ணத்தைத் தொட்டுப் பூசுவதன்று. விளையாட்டில் வரும் காரும் மரமும் மலையும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகவே இருக்கின்றன. கார் ஓர் அங்குலம் நகர்ந்தால், ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் திரையில் எங்கே விழும் என்று மறுபடியும் கணக்கிட வேண்டும். பிறகு எந்த முக்கோணம் எதை மறைக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மேற்பரப்பு மரமா இரும்பா என்றெல்லாம் பார்த்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் முடிவு செய்ய வேண்டும். அத்தனையும் 16.7 மில்லிவினாடிக்குள்!

நான்கு மேதைகளும் ஒரு பெரிய வகுப்பும்

கணிப்பொறியின் மூளை எனப்படுவது மையச் செயலி. இன்டெல் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ5-3470 என்ற மையச் செயலியை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கணிப்பொறிகளில் அடிக்கடி காணப்படும் செயலி இது. அதனுள் 4 கருக்கள் உள்ளன. ஒவ்வொரு கருவும் மிகக் கடினமான கட்டளைகளையும் விரைந்து செய்யவல்லது.

கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள செயலி வேறு வகையானது. என்விடியா நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்ற கார்டில் 768 சிறிய கணக்கீட்டு அலகுகள் இருக்கின்றன. தனித்தனியே பார்த்தால் இவற்றுள் ஒன்றுகூட மையச் செயலியின் கருவுக்கு ஈடாகாது. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் அறையில் நான்கு கணித மேதைகள் இருக்கிறார்கள். அடுத்த கூடத்தில் 768 மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி தெரியும் என்ற கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்தால், மேதைகளே முதலில் முடிப்பார்கள். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது லட்சம் எளிய பெருக்கல் கணக்குகளைக் கொடுத்தால்? மாணவர் கூட்டம் ஆளுக்குச் சிலவாகப் பங்கிட்டுக்கொண்டு முடித்துவிடும். திரைப்புள்ளிகளுக்கு நிறம் காண்பது இந்த இரண்டாவது வகை வேலை.

அப்படியானால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியில் படம் எப்படி வருகிறது? ஐ5-3470 போன்ற மையச் செயலிகளின் உள்ளேயே ஒரு சிறிய கிராஃபிக்ஸ் பகுதியும் சேர்த்து அமைக்கப்பட்டிருக்கிறது. அலுவலக வேலைக்கு அது போதும். விளையாட்டுக்குப் போதாது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அதில் கணக்கீட்டு அலகுகள் குறைவு. மற்றொன்று, அதற்கென்று சொந்த நினைவகம் இல்லை. மையச் செயலி பயன்படுத்தும் நினைவகத்திலேயே பங்கு கேட்டு வாங்க வேண்டும்.

அந்தக் காலக் கணிப்பொறிகளில் டி.டி.ஆர்.3-1600 என்ற வகை நினைவகம் இருந்தது. ஒரே ஒரு நினைவகத் துண்டு செருகப்பட்டிருந்தால், அதிலிருந்து வினாடிக்கு அதிகமாக 12.8 கிகாபைட் தகவலைத்தான் எடுக்க முடியும். இரண்டு துண்டுகளை உரிய இடங்களில் செருகினால் இது 25.6 கிகாபைட் ஆகும். நாம் மேலே கண்ட 1050 டி.ஐ. கார்டிலோ அதற்கே உரிய 4 கிகாபைட் நினைவகம் உள்ளது. அதிலிருந்து வினாடிக்கு 112 கிகாபைட் தகவல் பாய்கிறது! தண்ணீர்க் குழாயின் விட்டம் பெரிதானால் தொட்டி விரைவில் நிரம்புவது போன்றதுதான் இது.

இந்தத் தனி அட்டை வந்த கதை

ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோதே, படம் காட்டும் பகுதி தனி அட்டையாகத்தான் இருந்தது. அதன் வண்ண அட்டையில் இருந்த நினைவகம் வெறும் 16 கிலோபைட். 320-க்கு 200 புள்ளிகளில் ஒரே சமயத்தில் 4 நிறங்களைத்தான் காட்ட முடிந்தது. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. முறையில் அதே அளவுப் படத்தில் 256 நிறங்கள் கிடைத்தன. ஆனால் இந்த அட்டைகள் கணக்குப் போடவில்லை. மையச் செயலி போட்டுக் கொடுத்த படத்தைத் திரைக்கு அனுப்பின, அவ்வளவே.

1996-இல் 3டி.எஃப்.எக்ஸ். என்ற நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. முப்பரிமாணப் படம் வரையும் வேலையைப் பெருமளவில் அது தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் நினைவகம் 4 மெகாபைட். வேடிக்கை என்னவென்றால், சாதாரணப் படங்களைக் காட்ட அதற்குத் தெரியாது. ஆகவே பழைய கார்டையும் எடுத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். பழைய கார்டிலிருந்து வரும் கம்பி வூடூ வழியாகத் திரைக்குச் செல்லும். விளையாட்டு தொடங்கியதும் வூடூ அந்த வழியைத் தன்வசப்படுத்திக்கொள்ளும். "குவேக்" போன்ற விளையாட்டுகளுக்காக, இருந்த கணிப்பொறியிலேயே புதிய கார்டு செருகிக்கொள்ளும் வழக்கம் இதனால் பரவியது. முக்கோண முனைகளைக் கணக்கிடும் வேலையையும் கார்டே செய்யத் தொடங்கியது 1999-இல், என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 கார்டில்.

செங்கல் கைமாற்றும் வரிசை

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். கார்டு வாங்கினால் வேகம் கூடுமா?

வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் ஒருவர் மட்டும் மெதுவானவர் என்றால், மற்றவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அந்த ஒருவரின் வேகத்தில்தான் செங்கல் மேலே போய்ச் சேரும். அவரை மாற்றினால் வேகம் கூடும். ஏற்கெனவே வேகமாக உள்ளவரை நீக்கிவிட்டு, அவரைவிடக் கெட்டிக்காரரை நிறுத்தினால் கூலிதான் வீணாகும்.

கணிப்பொறியிலும் இதே கதைதான். எதிரியின் கார் எங்கே போகவேண்டும், எது எதன்மேல் மோதியது என்பனவற்றை மையச் செயலி முடிவு செய்து, வரையவேண்டியவற்றைக் கிராஃபிக்ஸ் செயலியிடம் ஒப்படைக்கிறது. அது படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே மையச் செயலி அடுத்த படத்திற்கான வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு படத்திற்கு இருவரில் யார் அதிக நேரம் எடுக்கிறாரோ, அவரே வேகத்தைத் தீர்மானிக்கிறார்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு படத்திற்கு மையச் செயலி 12.5 மில்லிவினாடியும், கிராஃபிக்ஸ் பகுதி 50 மில்லிவினாடியும் எடுக்கின்றன. அப்படியானால் வினாடிக்கு 20 படங்களே வரும். இப்போது 4 மடங்கு வேகமுள்ள கார்டு ஒன்றைப் பொருத்துகிறோம். கிராஃபிக்ஸ் நேரம் 12.5 மில்லிவினாடியாகக் குறைகிறது. வினாடிக்கு 80 படங்கள் வருகின்றன. பணத்திற்குத் தக்க பலன்!

"4 மடங்குக்கே இவ்வளவு என்றால், 8 மடங்கு வேகமுள்ள கார்டு வாங்கலாமே" என்று தோன்றும். கிராஃபிக்ஸ் நேரம் 6.25 மில்லிவினாடி ஆகும், உண்மைதான். ஆனால் மையச் செயலி இன்னும் 12.5 மில்லிவினாடிதானே எடுக்கிறது? எனவே அதே 80 படங்கள்தான் வரும். கூடுதலாகக் கொடுத்த பணத்திற்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. மேலும், சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். 80 படங்கள் வந்தாலும் அது 60-ஐத்தான் முழுதாகக் காட்டும்.

காசில்லாத சோதனை

நம் வரிசையில் மெதுவானவர் யார் என்பதைக் கார்டு வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். வினாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதைத் திரையின் மூலையில் காட்டும் வசதி பல விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் 1,920-க்கு 1,080 என்ற அளவில் விளையாட்டை ஓட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில், அதே காட்சியில், படத்தின் அளவை மட்டும் 1,280-க்கு 720 என்று குறைத்து மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவைக் குறைத்தால் புள்ளிகள் 9,21,600 ஆகின்றன. அதாவது பாதிக்கும் குறைவு. கிராஃபிக்ஸ் பகுதியின் சுமை பெரிதும் குறைகிறது. மையச் செயலியின் சுமையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே, படங்களின் எண்ணிக்கை 20-லிருந்து 38, 40 என்று தாவினால், தடையாக இருந்தது கிராஃபிக்ஸ் பகுதி. புதிய கார்டு பலன் தரும். 20-லிருந்து 21 என்று நகர்ந்தால், தடை வேறிடத்தில் இருக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் பயனில்லை.

ஒரு சோதனையில் ஒரே ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு விளைவைக் காண்பது ஆய்வுக்கூட முறை அல்லவா? அதே முறைதான் இது.

வேறு சில தடைகளையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிட வேண்டும். படம் சீராக ஓடி, இடையிடையே சில வினாடி அப்படியே உறைந்து நின்றால், நினைவகம் போதவில்லை என்று பொருள் கொள்ள இடமுண்டு. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் குறைந்தால், சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். மையச் செயலி அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்விசிறியில் பல ஆண்டாகப் படிந்த தூசியை அகற்றினாலே இது சரியாகலாம்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

சோதனையில் கிராஃபிக்ஸ் பகுதிதான் தடை என்று தெரிந்துவிட்டது. இனி எந்தக் கார்டு வாங்குவது? எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன ஐ5-3470 செயலியுடன் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 கணிப்பொறியின் உயரமான வடிவத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1. செருகும் இடம் எது? இன்றைய கார்டுகள் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற நீண்ட ஸ்லாட்டில் செருகப்படுகின்றன. இதில் 16 தடங்கள் உண்டு. 2012-இல் பரவிய மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு தடம் வினாடிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் தகவலைக் கடத்தும். பழைய ஸ்லாட்டிலும் புதிய தலைமுறைக் கார்டு பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏ.எம்.டி. நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6400 கார்டு பார்ப்பதற்கு 16 தடக் கார்டுபோல் இருந்தாலும், 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அதற்குக் கிடைப்பது வினாடிக்குச் சுமார் 8 கிகாபைட். நம் பழைய ஸ்லாட்டில் அது 4 கிகாபைட்டாகப் பாதியாகிவிடும். ஆகவே புதிய கார்டுதான் பழைய கணிப்பொறிக்கு ஏற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

2. மின்சாரம் போதுமா? இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஸ்லாட் வழியாகவே ஒரு கார்டுக்கு 75 வாட் வரை மின்திறன் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 6 முனைக் கம்பி 75 வாட்டும், 8 முனைக் கம்பி 150 வாட்டும் தரும்படி வரையறுக்கப்பட்டுள்ளன. நம் ஆப்டிபிளெக்ஸின் பவர் சப்ளை 275 வாட். அதில் இந்தத் தனிக் கம்பி கிடையாது. மையச் செயலிக்கு 77 வாட், கார்டுக்கு 75 வாட், மற்றப் பகுதிகளுக்குத் தாராளமாக 50 வாட் என்று கூட்டினால் 202 வாட் வருகிறது. 275-க்குள் அடங்கிவிட்டது. எனவே 75 வாட்டிற்கு மேற்படாத, தனிக் கம்பி கேட்காத கார்டே இதற்கு ஏற்றது. 2014-இல் வந்த 60 வாட் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 75 வாட் 1050 டி.ஐ., 2019-இல் வந்த 75 வாட் ஜி.டி.எக்ஸ். 1650 ஆகியவை இவ்வகையின. ஆயினும் 1050 டி.ஐ., 1650 ஆகியவற்றில் சில தயாரிப்பாளர்கள் 6 முனை இணைப்பையும் வைத்திருக்கிறார்கள். அட்டையை நேரில் பார்த்தே வாங்க வேண்டும்.

வட்டுக்குச் செல்லும் சாட்டா கம்பியை 6 முனைக் கம்பியாக மாற்றும் இணைப்பான்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்காதீர்கள். ஏன்? சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டிற்கு உள்ள மூன்று முனைகளும் முனைக்கு 1.5 ஆம்பியர் வீதம் 4.5 ஆம்பியர்தான் தாங்கும். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. 12-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 54 வாட். அதிலிருந்து 75 வாட் உறிஞ்சினால் முனை சூடாகி உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

3. உள்ளே இடம் இருக்கிறதா? ஒல்லியான வடிவக் கணிப்பொறிகளில் வழக்கமான உயரமுள்ள கார்டு நுழையாது. அவற்றிற்கென்று உயரம் குறைந்த கார்டுகள் தனியே உண்டு. நீளத்தையும் அளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். வட்டு வைக்கும் கூடு குறுக்கே வந்தால் கார்டு உள்ளே போகாது.

4. திரைக்கு எந்தக் கம்பி? பழைய மானிட்டர்களில் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருக்கும். 1050 டி.ஐ.யும் அதற்குப் பின் வந்தவையும் அந்தப் பழைய வகைச் சைகையைத் தருவதில்லை. எச்.டி.எம்.ஐ. போன்ற இலக்கச் சைகையை மாற்றித் தரும் சிறு கருவி ஒன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

5. மென்பொருள் துணை இருக்கிறதா? கார்டை இயக்குவதற்கு டிரைவர் என்ற மென்பொருள் தேவை. 750 டி.ஐ., 1050 டி.ஐ. ஆகியவற்றின் தலைமுறைகளுக்கு விளையாட்டுக்கான புதிய டிரைவர்கள் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்துள்ளது. 1650 இந்தப் பட்டியலில் இல்லை. விலை வேறுபாடு சிறிதானால் அதுவே மேல். ஐ5-3470 செயலி விண்டோஸ் 11-க்குரிய பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் ஒரு மாற்று வழி. விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது.

ஒரே பெயர், இரண்டு கார்டுகள்

பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். ஜி.டி. 1030 என்ற கார்டு 2017-இல் வந்தது. அதன் நினைவகம் ஜி.டி.டி.ஆர்.5 வகை. நினைவகத்திற்கும் செயலிக்கும் இடையே 64 வழிகள். ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 6 கிகாபிட். 64-ஐ 6-ஆல் பெருக்கி, பைட்டாக மாற்ற 8-ஆல் வகுத்தால் 48 கிகாபைட். 2018-இல் அதே பெயரில், டி.டி.ஆர்.4 என்ற மெதுவான நினைவகத்துடன் இன்னொரு கார்டு விற்பனைக்கு வந்தது. அதன் அளவு 16.8 கிகாபைட் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு! விளையாட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பெயருக்கு அடுத்துச் சிறிய எழுத்தில் உள்ள நினைவக வகையைப் படிப்பவருக்குத்தான் இது தெரியும்.

பழைய கார்டு வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிகப் பழைய கார்டு ஒன்றின் உள்ளிருக்கும் அடையாளத் தகவலை மாற்றி எழுதி, 1050 டி.ஐ. என்று விற்றுவிடும் மோசடி நடந்திருக்கிறது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டு சொல்கிறது. விற்பவரின் முன்னிலையிலேயே கார்டை ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்குமுன் கணிப்பொறியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். பிறகு இயக்கும் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகத் தெறிப்பதை நாம் உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் தேவை. சில்லுகள் பழுதாக அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டே போதும். நமக்குத் தெரியாமலேயே கார்டைக் கெடுத்துவிட முடியும்.

ஸ்லாட்டுக்கு நேராக, பின்பக்கத்தில் உள்ள தகட்டைக் கழற்றுங்கள். கார்டின் ஓரங்களைப் பிடித்து, ஸ்லாட்டில் நேராக வைத்து, "டக்" என்ற ஒலி கேட்கும் வரை சீராக அழுத்துங்கள். திருகை முடுக்குங்கள். மானிட்டர் கம்பியை இனி மதர்போர்டில் செருகக்கூடாது. கார்டில் செருக வேண்டும். புதிதாகக் கார்டு போட்டும் வேகம் கூடவில்லை என்பவர்களில் சிலர், கம்பியைப் பழைய இடத்திலேயே விட்டிருப்பார்கள்! முடிவில் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவுங்கள்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் உள்ள மின்தேக்கிகள் கம்பியை உருவிய பின்னரும் ஆபத்தான மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும். முதன்முறை செய்பவர்கள், விவரமறிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நலம்.

எதை எதிர்பார்க்கலாம்?

இவ்வளவும் செய்தபின், பழைய கணிப்பொறி எல்லா விளையாட்டையும் ஓட்டுமா? ஓட்டாது. கடந்த பல ஆண்டுகளில் வந்த ஏராளமான விளையாட்டுகள் மிதமான அமைப்பில் சீராக ஓடும். ஆனால் சில புதிய விளையாட்டுகள், 2013-க்குப் பின் வந்த இன்டெல் செயலிகளில் உள்ள ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுதியைக் கேட்கின்றன. ஐ5-3470-இல் அது இல்லை. 2024-இல் வந்த "இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்" என்ற விளையாட்டோ, ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிடும் தனி அலகுள்ள கார்டு இன்றித் தொடங்கவே தொடங்காது. 1050 டி.ஐ.யிலும் 1650-இலும் அந்த அலகு கிடையாது.

ஆகவே நீங்கள் விளையாட விரும்பும் விளையாட்டுகளின் பெயரை முதலில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதன் தயாரிப்பாளர் கேட்கும் குறைந்த அளவுத் தேவையை எதிரே குறியுங்கள். சோதனை "கிராஃபிக்ஸ்தான் தடை" என்று சொல்லி, ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்து, தாளில் உள்ள விளையாட்டுகளும் பொருந்தினால், முதல் நண்பர் சொன்னது சரி. கார்டு வாங்கலாம், நன்றாக உழைக்கும் ஒரு பெட்டி குப்பைக்குப் போகாமலும் காப்பாற்றப்படும். இல்லையென்றால் இரண்டாவது நண்பர் சொன்னதே சரி. பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள். எந்த முடிவானாலும், அது உங்கள் கணக்கிலிருந்து வந்ததாக இருக்கும்.

விளையாட்டுக்காகப் பிறந்த இந்த அட்டையின் பெருமை விளையாட்டோடு நிற்கவில்லை. 2012-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும் படங்களை இனங்காணும் ஒரு செயற்கை நரம்பு வலையை உருவாக்கினார்கள். அதைப் பயிற்றுவிக்க அவர்கள் பயன்படுத்தியது இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள். கடையில் விளையாட்டுக்காக விற்கப்பட்ட அதே கார்டுகள்! அந்த ஆண்டின் இமேஜ்நெட் போட்டியில் அந்த வலை முதலிடம் பெற்றது. செயற்கை அறிவுத் துறை புதிய வேகம் கொண்டது. புள்ளிகளுக்கு நிறம் காணும் எளிய பெருக்கலும் கூட்டலுமே அங்கும் தேவைப்பட்டன.

நீங்களே கணக்கிடுங்கள்

1. ஒரு கணிப்பொறியில் ஒரு படத்திற்கு மையச் செயலி 20 மில்லிவினாடியும், கிராஃபிக்ஸ் பகுதி 25 மில்லிவினாடியும் எடுக்கின்றன. இரு மடங்கு வேகமுள்ள கார்டு பொருத்தினால், வினாடிக்கு எத்தனை படங்கள் கூடுதலாக வரும்?

2. ஒரு கார்டின் நினைவகத்தில் 128 வழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 8 கிகாபிட் செல்கிறது. வினாடிக்கு எத்தனை கிகாபைட்?

3. உங்கள் வீட்டுத் திரையில் 1,366-க்கு 768 புள்ளிகள் இருந்தால், 1,920-க்கு 1,080 திரையைக் காட்டிலும் கார்டின் வேலை ஏறக்குறைய எவ்வளவு குறையும்?

விடைகள்: 1) முன்பு 40, பின்பு 50, ஆகவே 10 படங்கள் மட்டுமே கூடும். இப்போது தடை மையச் செயலி. 2) 128 கிகாபைட். 3) 10,49,088 புள்ளிகள், ஆகவே ஏறக்குறைய பாதி.